சட்டம் வரையும் வித்தையும் அதன் வரலாறும்

மக்கள் கூடி வாழுமிடமெல்லாம் விதிகள் உண்டு. குடும்பத்திற்கு வழக்கம் விதி. ஊருக்குக் கட்டுப்பாடு விதி. சங்கத்திற்கு நிபந்தனைகள் விதி. நாட்டிற்குச் சட்டம் விதி. இவ்விதிகளை ஏற்படுத்தினவர் யாவர் என்று வினவினால், பெரியோர், மகாசபையோர், சட்டசபையோர் என்று எவரும் விடை கூறுவர். அவற்றைச் சொல்லுக்குச் சொல் எழுதினவர் யாவர் என்று வினவினாலோ விடை கூறுவார் அரியர். எழுதினவர் பெயர் மறைந்துபோக, எழுத்து மாத்திரம் நின்று, நம் பொருளுக்கும் உடலுக்கும் மானத்துக்கும் காவலாகவோ இடராகவோ அமைகின்றது. அவ்வெழுத்து வித்தையின் வரலாற்றையும், மூத்தோர் அருகிலிருந்து பழகும் தொழிலாயிருந்த அது சர்வகலாசாலைகளில் மேற்பட்டப் படிப்பாக வளர்ந்த வகையையும் நம் அங்கத்தினர்களுக்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

"இது வக்கீல்களுக்கு உரிய பொருளாயிற்றே, நமக்கு இதனால் ஆவதென்ன?" என்று கேட்கும் அன்பர்களுக்காக, யாம் நேரிற் கண்ட சிறு நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுகின்றோம்.

யாம் அறிந்த சங்கமொன்றில் தர்மநிதி ஒன்று இருந்தது. "ஏழை மாணாக்கர்களுக்கும் விதவைகளுக்கும் இந்நிதியிலிருந்து உதவி அளிக்கப்படும்" என்பது அதன் விதி. ஒரு வருஷம் கைம்பெண்ணாகிய ஓர் அம்மையார் தம் மகன் படிப்பிற்காக மனுச் செய்துகொண்டார். குடியிருக்க ஓட்டுவீடு ஒன்று அவருக்கு இருந்தது. வருமானம் யாதும் இல்லை. நிர்வாக சபையாரிற் சிலர், "ஏழை என்னும் சொல் விதவைகளையும் தழுவும், வீடுடையவர் ஏழையாகார்" என்றனர். வேறு சிலர், "அச்சொல் மாணாக்கரை மாத்திரமே தழுவும், விதவையாயிருத்தல் ஒன்றே போதும்" என்றனர். விதியை எழுதின பெரியவரோ காலஞ்சென்றுவிட்டார். அவர் கருத்தைக் கேட்க வழியில்லை. மூன்று கூட்டங்கள் கூடியும் முடிவு ஏற்படவில்லை. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அம்மையார் மகனைப் படிப்பினின்று நிறுத்திக் கடை வேலைக்கு அனுப்பினார். பின்னர் விதி திருத்தப்பட்டது. திருத்தத்திற்கு வேண்டியிருந்தது ஒரே சொல். அப்பையனுக்கோ இழந்த வருஷம் மீளவில்லை.

இதில் தீய எண்ணமுடையார் ஒருவரும் இலர். விதியெழுதினவர் நல்லவர், வாதித்த இருசாராரும் நேர்மையுடையவர். ஆயினும் தீங்கு நேர்ந்தது. அத்தீங்கும் கூட்டத்தில் வந்து பேச இடமில்லாத ஒருவர் தலையிலேயே விழுந்தது. நூறு பேர் கொண்ட சங்கத்தின் விதிக்கே இந்நிலையாயின், கோடிக்கணக்கான மக்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்திற்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டுமென்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வரைவோர் வேலை யாது?

ஒரு சட்டம் பிறப்பதில் மூவர்க்குப் பங்கு உண்டு. இன்னது வேண்டுமென்று தீர்மானிப்பவர் மந்திரி முதலியோர். அதனை மசோதாவாக எழுதுபவர் சட்டம் வரைவோர். அதனை ஆராய்ந்து வோட்டளித்து நிறைவேற்றுபவர் சட்டசபையார். நடுவில் நிற்பவர்க்குத் தம் விருப்பப்படி எதையும் சேர்க்கவோ நீக்கவோ உரிமையில்லை. ஆயினும் அவர் கேட்கும் கேள்விகளாலேயே தீர்மானம் உருப்பெறுகின்றது.

"இரவில் கடைகளை மூடவேண்டும்" என்று சட்டம் செய்ய ஒருவர் விரும்புகின்றார் என்று கொள்வோம். கேட்பதற்கு இது எளிது. வரைபவரோ, கடை என்பது எது, தெருவோரத்தில் தட்டு வைத்துப் பூ விற்பவளும் கடைக்காரியா, மருந்துக் கடைக்கு விலக்கு உண்டா, இரவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, திருவிழா நாளில் என்ன செய்வது, மூடாதவனுக்கு என்ன தண்டனை, அதனை விதிப்பவர் யார், அவர் அநீதி செய்தால் எவரிடம் முறையிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இவற்றிற்கு விடை பெறாமல் எழுதப்படும் சட்டம், பூக்காரியை ஒரு சேவகனுடைய தயவில் விட்டுவிடும். ஆகவே இவ்வித்தை வெறும் சொல்லலங்காரமன்று. வருவது அறிந்து முன்னே காக்கும் விவேகமேயாகும்.

இங்கிலாந்தின் வரலாறு

இவ்வித்தை தனித் தொழிலாக உருவானதை நன்கு காணத்தக்க நாடு இங்கிலாந்து. முற்காலத்தில் அங்கே மசோதாக்களைப் பலரும் எழுதினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வேலை பெரும்பாலும் சொத்துப் பத்திரங்கள் எழுதிப் பழகிய வக்கீல்கள் கையில் இருந்தது. கிரயப் பத்திரத்தில் "மேற்படியார், அன்னார் வாரிசுகள், அன்னார் பிரதிநிதிகள்" என்று அடுக்குவது போலவே சட்டத்திலும் அடுக்கினர். ஒரு வாக்கியமே பக்கக்கணக்கில் ஓடும். எழுவாயைக் கண்டவன் பயனிலையைக் காண்பதற்குள் களைத்துவிடுவான். 1832-ம் ஆண்டிற் காலஞ்சென்ற ஜெரிமி பெந்தாம் என்னும் அறிஞர், மக்கள் அறிய முடியாத சட்டத்தால் மக்களைத் தண்டிப்பது அநீதியென்று வற்புறுத்தி, சட்டம் எழுதும் முறையைப் பற்றியே தனி நூல் ஒன்று எழுதிவைத்தார்.

அவருக்குப்பின், வறியோர் சட்டக் கமிஷனிற் பணிபுரிந்த ஜார்ஜ் கூட் என்பவர் 1845-ம் ஆண்டிற் சிறு நூலொன்று வெளியிட்டார். சட்ட வாக்கியம் எதுவாயினும் நான்கு உறுப்புக்களாகப் பிரியும் என்பது அவர் கொள்கை. எந்த நிகழ்ச்சியில், எந்த நிபந்தனையின்மேல், எவர், எதனைச் செய்யலாம் அல்லது செய்ய வேண்டும் என்பவையே அந்நான்கு. நம் நாட்டு உதாரணத்தால் விளக்குவோம். "ஏரி நிரம்பியிருக்கும் காலத்தில், நீர்க்கட்டிக்கு அறிவித்த பின்பு, ஆயக்கட்டு நிலமுடையவர், தம் வயலுக்கு நீர் பாய்ச்சலாம்." இதில் நான்கு உறுப்புக்களும் வரிசையாக நிற்பதைக் காண்க. இங்கிலீஷ் வாக்கியத்தை இவ்வரிசையில் அமைக்கக் கூட் பெரிதும் வாதாட வேண்டியிருந்தது. நம் தமிழோ நிகழ்ச்சியையும் நிபந்தனையையும் முன்னே வைத்து வினையை இறுதியில் முடிக்கும் இயல்புடையது. இதனை நம்மவர் கருத்திற் கொள்ளுதல் நலம்.

இக்கொள்கைகளைத் தொழிலில் நிலைநாட்டியவர் ஹென்றி திரிங் என்பவர். 1854-ம் ஆண்டின் வர்த்தகக் கப்பற் சட்டம் 548 பிரிவுகள் கொண்டது. அதனை அவர் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் சிறு வாக்கியங்களால் அமைத்துக் காட்டினார். அக்காலத்தில் ஒவ்வொரு இலாகாவும் தனக்கு வேண்டிய வக்கீலைத் தனியே அமர்த்தி மசோதா எழுதுவித்து வந்தது. அதனாற் பணமும் மிகுதியாகச் செலவாயிற்று. ஒரு சட்டத்தின் நடை மற்றொன்றோடு ஒவ்வாமலும் போயிற்று. இக்குறையை நீக்கவே 1869-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பொக்கிஷ இலாகாவின் உத்தரவால் பார்லிமெண்டு வரைவாளர் ஆபீஸ் ஏற்படுத்தப்பட்டு, திரிங் அதன் முதல் தலைவரானார். இன்றுவரை அங்குப் பயிற்சி என்பது இளையவர் ஒருவர் மூத்தவர் ஒருவரோடு சேர்ந்து எழுதி, அடிபட்டுத் திருந்திப் பழகுவதேயாகும். தச்சனும் கொல்லனும் தம் பிள்ளைகளைப் பழக்கும் முறை எதுவோ அதுவே இது.

நம் நாட்டிற்கு வந்த கதை

1833-ம் ஆண்டின் சாசனச் சட்டம் இந்திய ராஜாங்க ஆலோசனை சபையில் சட்ட அங்கத்தினர் என்னும் புதிய உத்தியோகத்தை உண்டாக்கியது. அதற்கு முதலில் நியமிக்கப்பெற்றவர் மெக்காலே. அவர் 1834-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையில் வந்திறங்கி, பல்லக்கிலேறி நீலகிரி சென்று, அங்குத் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபுவைக் கண்டு, பின்னரே கல்கத்தாவை அடைந்தார். அவர் தலைமையில் வேலைசெய்த கமிஷன் 1837-ம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகலை ராஜாங்கத்திற்கு அளித்தது.

அந்நகலில் ஒரு புதுமை இருந்தது. ஒவ்வொரு குற்றத்தையும் இலக்கணத்தால் வரையறுத்ததோடு நில்லாமல், அதன்கீழ் உதாரணங்களையும் சேர்த்தனர். திருட்டு என்பது எப்பொழுது முடிகிறது என்னும் வினாவிற்கு, பிறர் நாயைத் தீனி காட்டித் தன் பின்னே வரச்செய்பவன் கதையும், பொக்கிஷப் பெட்டி சுமந்து செல்லும் எருதைத் தான் விரும்பிய பக்கம் ஓட்டுபவன் கதையும் அங்கே விடை கூறுகின்றன. நாய் பின்தொடரத் தொடங்கிய கணத்திலேயே, எருது நகர்ந்த கணத்திலேயே, திருட்டு முடிந்துவிடுகிறது. சூத்திரமும் உரையும் உதாரணமும் ஒருங்கே கற்ற நம்மவர்க்கு இம்முறை புதிதன்று. சட்டத்தில் அதனைப் புகுத்தியதே புதிது.

அந்நகல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பிற் கிடந்தது. பார்ன்ஸ் பீகாக் என்பவர் அதனைத் திருத்தியமைக்க, 1860-ம் ஆண்டில் அது சட்டமாகி, 1862-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. மெக்காலே 1859-ம் ஆண்டு டிசம்பரிலேயே இறந்துவிட்டார். தாம் எழுதியது சட்டமாயிற்று என்பதை அவர் காணவில்லை. 511 பிரிவுகள் கொண்ட அச்சட்டம் 2024-ம் ஆண்டு ஜூன் இறுதிவரை நம்மை ஆண்டது. அதன் இடத்தில் 358 பிரிவுகள் கொண்ட புதிய நியாய சம்ஹிதை ஜூலை 1-ந் தேதி முதல் நடைபெறுகின்றது. எழுதினவன் மறைந்த பின்னும் எழுத்து 160 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டதென்றால், அவ்வெழுத்தின் பொறுப்பு எத்தகையது!

ஒரு சொல்லால் வந்த துன்பம்

நன்கு எழுதப்பட்டதென்று புகழ்பெற்ற அச்சட்டத்திலேயே நம்மவர் கண்ணீர் சிந்தக் காரணமான சொல் ஒன்றும் புகுந்தது. ராஜதுரோகத்தைப் பற்றிய பிரிவு 1837-ம் ஆண்டின் நகலில் இருந்தது. 1860-ம் ஆண்டின் சட்டத்தில் இல்லை. 1870-ம் ஆண்டில், ஸ்டீபன் என்பவர் சட்ட அங்கத்தினராயிருந்தபொழுது, அது 124-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. ராஜாங்கத்தினிடத்து 'டிஸ்அபெக்ஷன்' உண்டாக்குவது குற்றம் என்றது அப்பிரிவு. அச்சொல் எவ்வளவு தூரம் நீளும்? பகைமையை மாத்திரம் குறிக்குமா, அன்பில்லாமையையும் குறிக்குமா? 1897-ம் ஆண்டில் திலகர்மேல் நடந்த வழக்கில் பம்பாய் ஹைகோர்ட்டு நீதிபதி ஸ்ட்ரேச்சி, அன்பில்லாமையே அச்சொல்லின் பொருளென்று ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு செய்த திருத்தம் பிரிவைக் குறுக்கவில்லை. வெறுப்பையும் அவமதிப்பையும் சேர்த்து மேலும் விரித்தது.

அவ்விரிவில் நம் நாட்டுப் பெரியோர் அகப்பட்டனர். 1908-ம் ஆண்டில் திருநெல்வேலிக் கோர்ட்டிலே வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களுக்கு, தாம் பேசியதற்கும் சுப்பிரமணிய சிவத்திற்குத் துணைநின்றதற்குமாக இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல் விசாரணையில் தண்டனை குறைக்கப்பெற்று, 1912-ம் ஆண்டில் அவர் வெளிவந்தார். சிறையில் அவர் செக்கிழுத்ததை அறியாத தமிழர் இலர். 1922-ம் ஆண்டில் காந்தியடிகளுக்கு ஆறாண்டு சிறை கிடைத்ததும் இதே பிரிவின்கீழ்த்தான். 2022-ம் ஆண்டு மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவின் பிரயோகத்தை நிறுத்திவைத்தது. பழைய சட்டத்தோடு பிரிவும் நீங்கியது. புதிய சட்டத்தில் 152-ம் பிரிவு வேறு சொற்களால் அவ்விடத்தில் நிற்கின்றது.

இதினின்று நாம் அறிவது யாது? தெளிவாக எழுதத் தெரிந்தவர்களே தமக்கு வேண்டியபொழுது தெளிவின்றியும் எழுத வல்லர். ஆள்வோர்க்கு வசதியான இடத்தில் சொல்லை நெகிழவிட்டால், அந்நெகிழ்ச்சியில் குடிகள் கழுத்து அகப்படும். அதே ஸ்டீபன் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியாயிருந்து வழக்கொன்றில் கூறிய கருத்து இங்கு நினைக்கத்தக்கது. நல்லெண்ணத்தோடு படிப்பவன் புரிந்துகொண்டால் மாத்திரம் போதாது, திரித்துக்கொள்ள வேண்டுமென்றே படிப்பவனும் திரிக்க முடியாதபடி சட்டம் எழுதப்பட வேண்டும் என்பதே அக்கருத்து. இவ்வளவு அறிந்தவருடைய காலத்திலேயே அப்பிரிவு புகுந்ததென்றால், இவ்வித்தைக்குக் கூர்மை மாத்திரம் போதாது, நெஞ்சில் நீதியும் வேண்டுமென்பது விளங்குகின்றது.

நம் நாட்டார் தமக்குத் தாமே அரசியல் சட்டம் வகுத்துக்கொண்ட காலத்தில் இவ்வித்தை சிறந்த பணி புரிந்தது. அரசியல் ஆலோசகர் பி. என். ராவ் 1947-ம் ஆண்டில் தயாரித்த நகலில் 243 ஷரத்துக்கள் இருந்தன. அம்பேத்கர் தலைமையில் அமைந்த வரைவுக் குழுவில் நம் பக்கத்தவராகிய அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர், என். கோபாலசுவாமி ஐயங்கார் ஆகியோர் தொடக்கம் முதலே இருந்தனர்; டி. டி. கிருஷ்ணமாச்சாரி பின்னர்ச் சேர்ந்தார். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள் அனுப்பப்பட்டு, 2,473 திருத்தங்கள் சபையிற் பிரேரேபிக்கப்பட்டு, முடிவில் 395 ஷரத்துக்களோடு சட்டம் நிறைவேறிற்று. சபையோர் வாதித்து முடித்ததை அன்றன்றே பிழையற்ற வாசகமாக்கினவர் தலைமை வரைவாளர் எஸ். என். முகர்ஜி. சிக்கலான பிரேரணைகளை எளிய, தெளிந்த வாசகமாக்கும் அவர் திறமையை 1949-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி அம்பேத்கர் சபையிலேயே வாயாரப் புகழ்ந்தார். அப்பெயரை இன்று அறிந்தார் எத்தனை பேர்?

ஒரு காற்புள்ளியின் விலை

இவை பெரிய சபைகளின் செய்தி. கூலிக்காரர் வாழ்வையும் இவ்வித்தை தொடுமென்பதற்கு அமெரிக்காவில் மெயின் மாகாணத்தில் நடந்த வழக்கு ஒன்று சான்று. அங்கே வாரத்தில் 40 மணிக்கு மேல் உழைப்பவர்க்கு மிகை நேரத்திற்கு ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டுமென்பது சட்டம். கெட்டுப்போகத்தக்க உணவுப் பொருள்களைப் பதப்படுத்தல், உலர்த்தல், சேமித்தல் முதலிய வேலைகளுக்கு விலக்கு உண்டு. அவ்வரிசையின் இறுதியில், அனுப்புவதற்காகக் கட்டுதல், விநியோகித்தல் என்னும் இரண்டையும் பற்றிய சொற்கள் நின்றன. அவற்றினிடையே காற்புள்ளி இல்லை. ஆகவே, விநியோகித்தலே ஒரு தனி விலக்கா, அன்றி விநியோகத்திற்காகக் கட்டுதல் மாத்திரமே விலக்கா என்னும் ஐயம் எழுந்தது. பால் வண்டி ஓட்டினவர்கள் கட்டுவதில்லை, விநியோகிப்பதே அவர்கள் தொழில். தங்களுக்கு மிகைக் கூலி உண்டென்று அவர்கள் வழக்காடினர். கீழ்க்கோர்ட்டு மறுத்தது, 2017-ம் ஆண்டு மார்ச்சில் மேற்கோர்ட்டு, ஐயமுள்ள இடத்தில் உழைப்பவர்க்கு அனுகூலமாகவே பொருள் கொள்ளவேண்டுமென்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கு சமாதானமாயிற்று. சட்டசபையாரும் அவ்வரிசையைத் திருத்தி எழுதினர்.

தமிழில் "அனுப்புதற்கோ விநியோகித்தற்கோ கட்டுதல்" என்றும், "அனுப்புதற்குக் கட்டுதலோ, விநியோகித்தலோ" என்றும் உருபும் ஓகாரமுமே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும். காற்புள்ளியை நம்பி நிற்க வேண்டுவதில்லை. ஆனால் யாம் முன்னர்க் கூறிய தர்மநிதி விதியிலே, 'ஏழை' என்னும் அடைமொழி ஒன்றைத் தழுவுமா இரண்டையும் தழுவுமா என்பதைத் தமிழ் காட்டவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் காவலும் உண்டு. அதனதன் பள்ளமும் உண்டு. தன் மொழியின் பள்ளம் எங்கே என்று அறிந்தவனே சட்டம் எழுதத் தக்கவன். நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்த நன்னூலை இளமையிற் கற்றவர்க்கு இவ்வறிவின் வித்து முன்னமே விதைக்கப்பட்டுள்ளது.

சர்வகலாசாலையில் இடம்பெற்ற வகை

இவ்வளவு முக்கியமான வித்தை நெடுங்காலம் எந்தக் கலாசாலையிலும் கற்பிக்கப்படவில்லை. சட்டக் கல்லூரிகள் எழுதி முடிந்த சட்டத்திற்குப் பொருள்காணக் கற்பித்தன, எழுதக் கற்பிக்கவில்லை. இக்குறையை முதலில் உணர்ந்தவர்களில் அமெரிக்கர் சிலர் குறிப்பிடத்தக்கவர். விஸ்கான்ஸின் மாகாணத்தில் 1901-ம் ஆண்டில் சார்லஸ் மெக்கார்த்தி என்பவர் சட்டசபையார்க்கு உதவும் புத்தகசாலை ஒன்றைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகள் தங்களுக்கு வேண்டிய மசோதாக்களைத் தேர்ந்த வக்கீல்களைக் கொண்டு எழுதிக்கொள்கின்றன. குடியானவர் பிரதிநிதியாக வரும் எளிய அங்கத்தினர்க்கோ எழுதித் தருவார் இலர். ஆகவே பொருளுடையார் விருப்பமே சட்டமாகிறது என்பது அவர் கண்ட குறை. கட்சி பேதமின்றி எல்லா அங்கத்தினர்க்கும் அவர் நிலையம் மசோதா எழுத உதவிற்று.

நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் 1911-ம் ஆண்டில் இவ்வாராய்ச்சிக்கென்றே ஒரு நிதி ஏற்பட்டது. 1913-ம் ஆண்டில், நம் நாட்டிற் சட்ட அங்கத்தினராகவும் பின்னர் இங்கிலாந்தில் திரிங்கின் ஆசனத்திலும் இருந்த ஸர் கோர்ட்னி இல்பர்ட் அச்சர்வகலாசாலைக்குச் சென்று, சட்டம் இயற்றும் இயந்திர அமைப்பைப் பற்றி உபந்நியாசங்கள் செய்தார். அந்நிதியைச் சார்ந்த மிடில்டன் பீமன் என்பவர் 1916-ம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸின் வரிக் குழுவினர்க்குத் தாமே முன்வந்து உதவினார். அவ்வுதவியின் பயனைக் கண்ட காங்கிரஸ் 1919-ம் ஆண்டில் தனக்கென்று வரைவாளர் ஆபீஸ் ஒன்றை நிறுவிக்கொண்டது.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப்பின் தேவை பன்மடங்காயிற்று. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தேசங்கள் அடுத்தடுத்து விடுதலை பெற்றன. கொடி மாறிற்று, கீதம் மாறிற்று, சட்டங்களோ பழைய எஜமானர் எழுதியவாறே நின்றன. அவற்றை மாற்றி எழுத வல்ல சொந்த மனிதர் பல நாடுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவராயிருந்தனர். மூத்தவர் அருகிலிருந்து பழகலாமென்றால், மூத்தவரே இல்லாத இடத்தில் யாரிடம் பழகுவது? இவ்வினாவே இவ்வித்தையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது.

அந்நாடுகளின் ராஜாங்க வக்கீல்களுக்காக ஸர் வில்லியம் டேல் என்பவர் 1964-ம் ஆண்டில் லண்டனில் ஒரு பாடத்திட்டம் தொடங்கினார். அவர் பெயரால் லண்டன் சர்வகலாசாலையின் மேற்சட்ட ஆராய்ச்சி நிலையத்தில் 1997-ம் ஆண்டில் ஒரு பிரிவு அமைந்தது; சட்டப் பட்டம் பெற்றவர் மேலும் இத்துறையிற் பயின்று மேற்பட்டம் பெற அங்கே வழி ஏற்பட்டது. கானடாவில், நீதி இலாகாவின் உபமந்திரியாயிருந்த எல்மர் டிரீட்ஜர் என்பவர் உத்தியோகத்தினின்று விலகியபின் ஆட்டவா சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1970-களில் சட்டம் வரைவதற்கென்றே மேற்பட்ட வகுப்பை நடத்தினார். பல நாட்டு இளைஞர் அங்குச் சென்று கற்றுத் தம் நாட்டிற்கு மீண்டனர். மேற்கிந்தியத் தீவுகளின் சர்வகலாசாலையும் பார்படோஸ் தீவில் இத்துறைக்கு மேற்பட்டம் அளிக்கத் தலைப்பட்டது. நம் நாட்டில் மத்திய சர்க்கார் சட்ட மந்திரிசபையின்கீழ் 1989-ம் ஆண்டு ஜனவரியில் சட்ட வரைவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று டில்லியில் ஏற்பட்டு, மத்திய, மாகாண உத்தியோகஸ்தர்களுக்குப் பயிற்சி அளித்து வருகின்றது.

கற்பிக்கும் முறை

இவ்வகுப்புக்களில் நடப்பதென்ன? கார்த் தார்ன்டன் என்பவர் 1970-ம் ஆண்டில் வெளியிட்ட நூல் பல நாடுகளில் இதற்குப் பாடப்புத்தகமாயிற்று. அவர் வேலையை ஐந்து படிகளாக வகுத்தார்: கேட்டதைப் புரிந்துகொள்ளல், பகுத்து ஆராய்தல், கட்டுக்கோப்பு அமைத்தல், எழுதுதல், எழுதியதைச் சோதித்தல். எழுதுதல் நான்காவது படியே என்பதைக் கவனிக்க. பேனாவை எடுக்குமுன் மூன்று படி ஏறவேண்டும். புரிந்துகொள்ளலில், கேட்டவர் சொன்னதை மாத்திரமன்றிச் சொல்லாமல் விட்டதையும் அறியவேண்டும். ஆராய்தலில், இப்பொழுதுள்ள சட்டம் இதற்கு முன்னமே இடந்தருகிறதா, அரசியல் சட்டத்திற்கு மாறாகுமா, எவருடைய உரிமை குறையும் என்று பார்க்கவேண்டும். அமைப்பில், முக்கியமானது முன்னும் விலக்குகள் பின்னுமாகப் படிப்பவன் தேடும் வழியில் வரிசைப்படுத்தவேண்டும். எழுதும்பொழுது ஒரு பொருளுக்கு ஒரே சொல்லை முதலிலிருந்து இறுதிவரை ஆளவேண்டும். கட்டுரையில் 'வீடு', 'மனை', 'இல்லம்' என்று மாற்றி எழுதினால் அழகு. சட்டத்தில் அப்படி எழுதினால் மூன்றும் வேறு வேறென்று வழக்கு வரும். கடைசியாகச் சோதனையில், தான் எழுதியதைத் தன் பகைவன் கண்கொண்டு படிக்கவேண்டும்.

இது கற்பித்து வருமோ, அநுபவத்தால் வருமோ என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. ஓராண்டுப் படிப்பினால் எவரும் முற்றத் தேர்ந்த வரைவாளர் ஆகார் என்று அத்தொழிலிற் பழுத்தவர் கூறுவர், அது உண்மையே. மருத்துவக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாளில் எவரும் கைராசி வைத்தியராவதில்லை. அதனால் மருத்துவக் கல்லூரியே வேண்டாமென்று ஒருவரும் சொல்வதில்லை. பிறர் செய்த பிழைகளை ஒருங்கே கண்டு, பிறர் தலையில் விழாத பயிற்சித் தாளிலே தன் பிழைகளையும் செய்து திருந்துவதற்குக் கலாசாலையே ஏற்ற இடம்.

கானடாவினின்று நாம் கற்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. அங்கு மத்திய சட்டங்கள் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் நடைபெறுகின்றன. முன்பு இங்கிலீஷில் எழுதிப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தனர். 1978-ம் ஆண்டு முதல் இருமொழி வரைவாளர் இருவர் ஒன்றாக அமர்ந்து, இருமொழியிலும் ஒரே காலத்தில் எழுதுகின்றனர். ஒரு மொழியிற் பிறந்த ஐயம் மற்றொரு மொழியில் வெளிப்பட்டு உடனே திருந்துகின்றது.

நம் மாகாணத்திலோ 1956-ம் ஆண்டிலேயே தமிழ் ஆட்சிமொழியாயிற்று. எனினும் அரசியல் சட்டத்தின் 348-ம் ஷரத்தின்படி சட்டத்தின் ஆதார வாசகம் இங்கிலீஷாகவே இருந்து வருகின்றது. தமிழ் வாசகம் அதன் நிழலாகத் தொடருகின்றது. கிராமத்துக் கிழவர் தம் நிலத்தைப் பற்றிய சட்டத்தைத் தமிழிற் படித்துத் தெளிவு பெற விரும்பினால், பிறிதொரு மொழியில் நினைக்கப்பட்டதைத் தம் மொழியில் தேடவேண்டியவராகின்றார். தமிழிலேயே நினைத்து, தமிழிலேயே பகுத்து, தமிழின் காவலையும் பள்ளத்தையும் அறிந்து எழுத வல்ல சட்ட வரைவாளர் நமக்கு வேண்டும். அவர்கள் தாமே முளைக்கமாட்டார்கள். கற்பித்தே உண்டாக்க வேண்டும்.

முடிவுரை

அன்பர்களே! நம் குடும்பங்களிற் சட்டம் கற்கும் ஆண்மக்களும் பெண்மக்களும் இன்று பலர். கோர்ட்டில் நின்று வாதாடுவதும் நீதிபதியாவதுமே அப்படிப்பின் பயன் என்று எண்ணியிருக்கின்றோம். அவை சிறந்தவையே. ஆயினும் வழக்கு வந்தபின் வாதாடுபவர் ஒருவரைக் காப்பாற்றுவார்; வழக்கே வராதபடி எழுதுபவர் ஊரைக் காப்பாற்றுவார். பின்னவர்க்கு மாலையும் இல்லை, கைதட்டலும் இல்லை. அதனை விரும்பாத அடக்கமும், கூட்டத்திற்கு வர இயலாத எளியோரை மனக்கண்ணில் வைத்து எழுதும் இரக்கமும் உடைய பிள்ளைகள் நம்மிடையே இருப்பார்கள். அத்தகையவரைப் பெற்றோர் தடுக்காமல் இத்துறையில் ஊக்குவிப்பாராக. இயன்ற கனவான்கள் அவர்தம் மேற்படிப்பிற்குப் பொருளுதவி செய்வாராக.

அதற்கு முன்னதாக நாம் யாவரும் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் சங்க விதிகளையும், நாம் நடத்தும் தர்ம நிதிகளின் நிபந்தனைகளையும் எடுத்து, எழுதினவரை மறந்துவிட்டு, முன்பின் அறியாதவர் போல ஒருமுறை படித்துப் பார்ப்போம். இரு பொருள்படும் இடம் ஒன்றேனும் தென்பட்டால், மனுக்கொடுத்து ஒருவர் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே, அடுத்த மகாசபையில் அதனைத் திருத்திவிடுவோமாக.